பத்துப் பாயிண்ட் மனப்பாடம் போதுமா? ஆளுகைக் கேள்விகளுக்கு எழுதிப் பழகுவது பற்றி

யூபிஎஸ்சி குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு (மெயின்ஸ்) எழுதிப் பழகும் எங்களுக்கு ஆத்தூரிலிருந்து ஓர் அண்ணா எழுதியது: "மெயின்ஸில் ஆளுகைக்கு என்று தனியாக உட்கார்ந்து எழுதிப் பழகுவது நேர விரயம். வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, மக்கள் பங்கேற்பு, தொழில்நுட்பம், துறைகளிடையே ஒருங்கிணைப்பு என்று பத்துப் பாயிண்ட் கைவசம் இருந்தால் எந்தக் கேள்வியையும் எழுதிவிடலாம். அந்த நேரத்தை வரலாற்றுக்குக் கொடுங்கள். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்."

6 ஜூலை 2025, இரவு

மறுக்கிறேன் அண்ணா. காரணமும் சொல்கிறேன்.

அந்தப் பத்துப் பாயிண்ட் என்னிடமும் இருக்கிறது. சேலத்தில் கோச்சிங் சென்டர் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கேட்டால் ஸ்பைரல் போட்டே தருவார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் குடிமக்கள் சாசனம் (எந்தச் சேவை எத்தனை நாளில் என்று அலுவலகம் தரும் உறுதி) ஏன் ஏட்டோடு நின்றது என்று கேட்டாலும் "வெளிப்படைத்தன்மை குறைவு", சுய உதவிக் குழுக்களுக்கு என்ன சிக்கல் என்று கேட்டாலும் "வெளிப்படைத்தன்மை குறைவு" என்றால், கேட்டவர் எதைக் கேட்டார் என்பதே நமக்குப் பொருட்டில்லை என்று ஆகிவிடுகிறது. திருத்துபவர் அன்றைக்கு இதே வரியை எத்தனை தாளில் பார்த்திருப்பார்?

அண்ணா சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஆளுகை வருகிற யூபிஎஸ்சி ஜிஎஸ் (பொது அறிவு) இரண்டாம் தாளில் 20 கேள்வி, 250 மதிப்பெண், 3 மணி நேரம். பத்து மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், பதினைந்துக்கு 250 சொல். மதிப்பெண்ணை வைத்து நேரத்தைப் பிரித்தால் ஒன்றுக்கு 7 நிமிடம், இன்னொன்றுக்கு 11 நிமிடம். ஏழு நிமிடத்தில் எங்கே யோசிப்பது? கை பழக்கத்தில் ஓட வேண்டும். சரி. ஆனால் பழக்கம் எதில் என்பதுதான் கேள்வி. பாயிண்டை வரிசையாகக் கொட்டுவதில் பழகலாம், ஒரு திட்டத்தை வேகமாகப் பிரித்துப் பார்ப்பதிலும் பழகலாம். இரண்டாவதை எழுதி எழுதித்தான் பழக முடியும்.

6 ஜூலை, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்

படுக்கப் போனவள் எழுந்து வந்து எழுதுகிறேன். "பிரித்துப் பார்ப்பது" என்று சொல்லிவிட்டு விளக்காமல் போனால் அதுவும் பதினோராவது பாயிண்ட் ஆகிவிடும்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. பட்டா மாற்றத்துக்கு ஆள் வராத நாளே கிடையாது. முழு சர்வே எண்ணும் ஒரே ஆளுக்குப் போகிறது என்றால் உட்பிரிவு தேவையில்லை. பத்திரப் பதிவோடு சேர்ந்தே பட்டாவும் மாற இப்போது வழி இருக்கிறது. நிலத்தில் பாதியை மட்டும் வாங்கியிருந்தால் கதை வேறு. உட்பிரிவு செய்ய வேண்டும். நில அளவர் நேரில் வந்து அளந்து, வரைபடம் போட்டு, அப்புறம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல். நான் பட்டனைத் தட்டினால் விண்ணப்பம் உடனே போய்விடும். ஆனால் வயலில் சங்கிலி பிடிக்கிற ஆள் ஒருவர்தான். அவர் பொறுப்பில் எத்தனை கிராமம் என்பதை வைத்துத்தான் பட்டா கிடைக்கும் நாள்.

மின்னாளுகையின் வரம்புகள் என்று கேள்வி வந்தால் எல்லோரும் "டிஜிட்டல் இடைவெளி"யில் தொடங்குவார்கள். நான் இதில் தொடங்குவேன்: விண்ணப்பம் கணினிக்கு வந்துவிட்டது, அதன் பின்னால் இருக்கிற வேலை வரவில்லை.

எந்தத் திட்டத்தையும் எந்த அமைப்பையும் இப்படித்தான் பார்க்கிறேன். முடிவெடுக்கிற அதிகாரம் யாருக்கு? அதை அவருக்குக் கொடுத்தது எந்தச் சட்டம், எந்த அரசாணை? பணம் எங்கிருந்து வருகிறது? கோப்பு எந்த மேசையில் நிற்கும்? நின்றால் கேட்க யாருக்கு உரிமை? சுருக்கமாக, கோப்பு போகும் வழி. ஐந்துக்கும் பதில் தெரிந்தால் 150 சொல் தானாக நிரம்பும். தெரியவில்லை என்றால் அந்தத் தலைப்பை நாம் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

9 ஜூலை

"கோப்பு போகும் வழியை எழுதினால் கதை மாதிரி ஆகாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. குடிமக்கள் சாசனத்தையே வைத்துக் காட்டுகிறேன்.

பிரிட்டனில் 1991-ல் ஜான் மேஜர் அரசு தொடங்கியது. இங்கே 1997 மே மாதம் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். முன்னுரைக்கு இது போதும், ஒரே வரி. பலர் இங்கேயே கால் பக்கம் செலவழித்துவிட்டுக் கடைசியில் இடமில்லாமல் திணறுகிறார்கள்.

அடுத்து, அலுவலக வாசலில் இருக்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன சேவை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், யார் பொறுப்பு. நான்கு கட்டம். நாள் கடந்தால் என்ன ஆகும் என்று ஐந்தாவது கட்டம் ஒன்று வேண்டும். அது இருக்காது. சாசனத்துக்குச் சட்ட வலு இல்லை என்பதைப் பலகையே சொல்லிவிடுகிறது. பதிலின் நடுப்பகுதி இங்கிருந்து கிளம்ப வேண்டும்.

அந்தப் பலகையை எழுதியது யார்? பெரும்பாலும் மேலிடத்தில் தயாரான வாசகம். கவுண்டரில் உட்காருபவரையும் கேட்டிருக்க மாட்டார்கள், வரிசையில் நிற்பவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், மக்களை மையமாக வைத்த நிர்வாகம் பற்றிய தன் 12-வது அறிக்கையில் இதைத்தான் பிடித்தது. எல்லா அலுவலகத்துக்கும் ஒரே சாசனம் பொருந்தாது, கலந்து பேசித் தயாரியுங்கள், செய்ய முடிந்ததை மட்டும் உறுதி கொடுங்கள், தவறினால் என்ன பரிகாரம் என்று சொல்லுங்கள். பரிகாரத்தைச் சட்டமாகவே ஆக்கிய முதல் மாநிலம் மத்தியப் பிரதேசம், 2010-ல். குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்கு அபராதம். பலகையில் இல்லாத ஐந்தாவது கட்டத்தைச் சட்டம் நிரப்பியது. முடிவுரை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

"வெளிப்படைத்தன்மை" என்ற சொல் எங்கும் வரவில்லை பாருங்கள். தேவைப்படவில்லை.

13 ஜூலை, ஞாயிறு மதியம்

ஞாயிறு காலையில் கன்னங்குறிச்சியில் ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். நேரம் வைத்து எழுதி, தாளை மாற்றிக்கொண்டு திருத்துவோம். ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வருவான். இன்று அவன் தாள் என் கைக்கு வந்தது.

கேள்வி பழங்குடியினரின் சுயாட்சி பற்றியது. எடுத்துக்காட்டுக்கு அவன் தன் ஊரையே எழுதியிருந்தான்: 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டப்படி (பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான தனிச் சட்டம்) சேர்வராயன் மலைக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது என்று. உருக்கமாக எழுதியிருந்தான், எழுத்தும் அழகு. ஆனால் அந்த அதிகாரம் அங்கே இல்லை. பெசா என்பது அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டுமானது. அந்த அட்டவணையில் பத்து மாநிலங்களின் பகுதிகள் உண்டு. ஆந்திரம், தெலங்கானா வரை வந்தது, தமிழ்நாட்டுக்கு வரவில்லை. பழங்குடியினர் ஆலோசனைக் குழு மட்டும் நம் மாநிலத்தில் உண்டு, ஏனென்றால் அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலத்திலும் அதை அமைக்க அதே அட்டவணை இடம் தருகிறது. மற்றபடி ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சியும் ஓமலூர் ஒன்றியத்து ஊராட்சியும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஒன்றுதான்.

"அப்போ எங்க ஊரை எழுதவே கூடாதாக்கா?" என்றான். எழுதணும்டா, இதையே எழுது என்றேன். மலையில் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்ந்தும் அட்டவணையில் இல்லாததால் பெசா எட்டாத இடம் என்று எழுது. அந்த ஒரு வரி, சட்டம் இருப்பதும் அது போய்ச் சேருவதும் வேறு என்று காட்டிவிடும். கிராம சபையின் அதிகாரம் பற்றி எழுத வேண்டுமா, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவில் உரிமைக் கோரிக்கையை ஏற்றுத் தொடங்குவது கிராம சபை, பிறகு கோட்ட அளவுக் குழு, முடிவு மாவட்டக் குழு. அது மலைக்கும் பொருந்தும்.

அப்புறம் அவன் சொன்ன ஒன்று என்னை இன்னும் விடவில்லை. மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். போலிச் சான்றைத் தடுக்க வைத்த ஏற்பாடு. ஆனால் காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிற ஒருவர் விசாரணை என்று மலையை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போச்சு. இன்னொன்று: மலையாளி பழங்குடியினர் சேலத்தில் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் இல்லை, ஏனென்றால் பட்டியலில் மாவட்டப் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. மாற்ற வேண்டும் என்றால் 342-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். கோட்டாட்சியரோ மாநில அரசோ கையெழுத்துப் போட்டு முடிக்கிற வேலை அல்ல.

தன் ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன், ஜெராக்ஸ் தாளில் இருந்த பெசாவை எழுதினான். எனக்குக் கோபம் அந்த ஜெராக்ஸ் மேல்தான்.

14 ஜூலை

இரண்டு பேர் பேனா, பக்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே விட்டிருக்கிற இடத்துக்குள்ளேயே எழுதி முடிக்க வேண்டும், தனித்தாள் வாங்க முடியாது. அதனால் வீட்டிலும் கோடு போடாத ஏ4 தாளில், இரண்டு பக்கமும் மார்ஜின் விட்டு எழுதுங்கள். கோடு போட்ட நோட்டில் பழகினால் தேர்வன்று வரி மலையேறும். பேனா எதுவானாலும் சரி, மூன்று மணி நேரம் விரல் வலிக்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

20 ஜூலை

வாரம் முழுக்க எழுத முடியவில்லை. 15-ஆம் தேதி "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் தொடங்கியதிலிருந்து மையத்தில் நிற்க இடமில்லை. மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் முகாமில்தான் வாங்குகிறார்கள், இங்கே இல்லை என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

கூட்டத்துக்கு நடுவே என் சித்தியும் வந்தாள். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய குடும்பம். சித்தப்பா போன பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நிராகரிப்பு. காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: "தகுதி இல்லை." எந்த விதிப்படி, எந்தச் சான்று குறைவு, யார் பார்த்தது, மேல்முறையீடு யாரிடம், எதுவும் இல்லை. சித்தி என்னைத் திட்டினாள். கணினியில் இருப்பதைப் படித்துச் சொன்னது நான்தானே.

அன்று இரவு அதை வைத்து ஒரு பதில் எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் 30 நாள், பத்து ரூபாய், முதல் மேல்முறையீடு என்று கேட்டுப் பெறுகிற பக்கத்தை மட்டும் எழுதுகிறோம். 2005-ஆம் ஆண்டின் அதே சட்டத்தில் 4-ஆம் பிரிவு, கேட்காமலேயே அரசு சொல்ல வேண்டியவற்றை அடுக்குகிறது. அதில் ஒன்று: நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அந்த முடிவின் காரணத்தைத் தர வேண்டும். "தகுதி இல்லை" என்பது காரணம் ஆகாது, அது முடிவு. மின்னாளுகை வேகத்தைக் கொடுத்திருக்கிறது. காரணம் சொல்கிற கடமையை மென்பொருளில் கட்டாயக் கட்டமாக வைக்கவில்லை என்றால் மறுப்பும் அதே வேகத்தில் வரும். இதுதான் என் நடுப்பத்தி. மனசு ஆறவில்லை, ஆனால் பதில் உருப்படியாக வந்தது.

சித்திக்கு மறு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன், 4-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

வீட்டில் எல்லோரும் மேட்டூர் போய்விட்டார்கள். அமைதியாக இருக்கிறது, நீளமாக எழுதலாம்.

ஆத்தூர் அண்ணா திரும்ப வந்திருக்கிறார்: "எல்லாவற்றுக்கும் சேலத்தையே எடுத்துக்காட்டினால், சேலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத திருத்துநர் என்ன செய்வார்?" நல்ல கேள்வி அண்ணா. ஜூலையில் நான் எழுதியதைப் படித்தால் ஒவ்வொரு பதிலிலும் உள்ளூர்க் கதை வேண்டும் என்பது போல இருக்கிறது. அப்படி வேண்டாம். ஒரு பதிலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, அதுவும் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்திலேயே பொதுவான நியாயமும் சேர்ந்து வர வேண்டும். ஊரைத் தெரியாதவருக்கும் நியாயம் புரிய வேண்டும்.

தொட்டில் குழந்தைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1992-ல் ஜெயலலிதா அரசு தொடங்கியது, முதலில் நம் சேலம் மாவட்டத்தில். பெண் சிசுக்கொலை இங்கே அவ்வளவு இருந்தது. வளர்க்க முடியாது என்று நினைப்பவர்கள் பெயர் சொல்லாமல் தொட்டிலில் விட்டுவிடலாம், அரசு காப்பாற்றித் தத்துக் கொடுக்கும். வேறு மாவட்டங்களுக்கும் பிறகு விரிந்தது. எங்கள் பக்கம் இதைப் பற்றிப் பேசும்போது பாட்டிமார் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் எழுத வேண்டிய விஷயம்.

"சமூகத் தீமையை அரசுத் திட்டத்தால் மாற்ற முடியுமா" என்ற மாதிரிக் கேள்விக்கு இதை எப்படி எழுதுவது? பாராட்டி ஒரு பத்தி, குறை சொல்லி ஒரு பத்தி, நடுநிலையாக ஒரு பத்தி என்று எழுதினால் மறுபடியும் ஜெராக்ஸ் வாடை அடிக்கும். கருவி எது, அது எட்டுகிற தூரம் எது என்று பாருங்கள். கொலை ஏற்கெனவே குற்றம்தான், தண்டனைச் சட்டம் இருந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது வீட்டுக்குள் நடந்தது, புகார் கொடுக்க ஆள் இல்லை. தொட்டில் அந்த இடத்தில் ஒரு மாற்று வழியைத் திறந்தது. உயிர் தப்பியது. ஆனால் பெண் குழந்தை வேண்டாம் என்ற எண்ணத்தை அது தொடவில்லை. கைவிடுவதற்கு அரசே வாசல் வைத்ததாக அப்போதே விமர்சனம் எழுந்தது. எண்ணத்தைத் தொட முயன்றது அதே ஆண்டு வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை போட்டது. இதற்கிடையில் ஸ்கேன் வந்தது, தீமை பிறப்புக்கு முன்னாலேயே நகர்ந்தது, 1994-ல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் தேவைப்பட்டது. கருவி ஒரு வாசலை அடைத்தால் தீமை வேறு வாசல் தேடும், அதனால் திட்டத்தை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சேலம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கும் இது புரியும்.

இதில் என் சொந்தக் கருத்து: தொட்டில் வைத்தது சரி. உயிர் முதலில்.

15 ஆகஸ்ட்

கிராம சபைக்குப் போய்விட்டு வந்தேன். போகாதவர்கள் அக்டோபர் 2-க்காவது போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தது. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்தன.

பள்ளிக்கூட வேப்பமரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் கொஞ்சம் கரகரத்தது. வரவு செலவு ஃபிளெக்ஸில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்று நான் மட்டும் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் ஓர் அம்மா வந்து "தெருவிளக்குக்கு எவ்வளவு போட்டிருக்குது கண்ணு?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். "எங்க தெருவுல எரியறதே இல்லையே" என்று நேராக மைக்குக்குப் போய்விட்டார். சமூகத் தணிக்கை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்ததை அவர் ஒரு நிமிடத்தில் செய்துகாட்டினார்.

பதில் சொன்னது தலைவர் இல்லை. தலைவரே இல்லை. சேலத்தில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. 2025 ஜனவரியில் ஐந்தாண்டு முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2019 வரையும் இப்படித்தான் போனது. அரசமைப்பின் 243-ஈ ஐந்தாண்டுக்கு மேல் நீட்டிக்க முடியாது, அதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் அதையே உறுதியாகச் சொன்னது. ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தத்தைப் பற்றி எழுதும்போது 1993 ஏப்ரல் 24, பதினொன்றாவது அட்டவணை, 29 பொருள்கள் என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த 29-ஐயும் ஊராட்சிக்குக் கொடுக்கலாம் என்றுதான் 243-ஜி சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கும். பணி, பணம், பணியாளர் மூன்றும் சேர்ந்து இறங்காமல் பணி மட்டும் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எரியாத விளக்கு போதும்.

16 ஆகஸ்ட்

நேற்றையதில் ஒன்று சேர்க்கிறேன். தனி அலுவலர் என்பதால் வேலை நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நேற்று பதில் சொன்ன அலுவலர் பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டார். ஆளின் திறமை வேறு, ஓட்டுப் போட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வேறு. பதிலில் இரண்டாவதை எழுதுங்கள்.

31 ஆகஸ்ட்

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை பற்றி எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம், கவனமாக. நிலம் அளந்து கல் நட்ட நாட்களைப் பார்த்தவர்களுக்குப் பேனா சூடாகும். எனக்கும் ஆகும், உடையாப்பட்டி, மின்னாம்பள்ளிப் பக்கத்துத் தென்னந்தோப்பெல்லாம் கண்ணில் நிற்கும். ஆனால் கேள்வி பெரும்பாலும் "வளர்ச்சித் திட்டங்களில் மக்கள் பங்கேற்பு" என்றுதான் வரும். அதற்கு வேண்டியது கோப்பு போன வழி.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை, அதாவது திட்டத்தால் மக்களுக்கு என்ன ஆகும் என்று முன்பே ஆராய்வதை, கட்டாயம் ஆக்கியது. ஆனால் அதன் நான்காவது அட்டவணையில் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கிறது. அதாவது நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது அந்த மதிப்பீடு தேவையில்லை. இழப்பீட்டு விதிகள் மட்டும் 2015 ஜனவரியிலிருந்து பொருந்தின. 2018-ல் வந்த சேலம்–சென்னைத் திட்டத்தின் நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுப்பதற்கான முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் வேண்டும் என்றது. மக்களின் குரல் சட்டத்தில் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது என்று இதிலிருந்து எழுதுங்கள். நான் எழுதியதில் பரிந்துரை ஒன்றுதான்: நெடுஞ்சாலைக்கும் தாக்க மதிப்பீட்டை நீட்டிக்க வேண்டும்.

இதே விஷயம் கட்டுரைத் தாளில் வந்தால் அந்தத் தென்னந்தோப்பைக் கொண்டு வரலாம். அங்கே 1000 முதல் 1200 சொல் வரை இடம் இருக்கிறது, ஒரு மனிதரின் நிலம் என்றால் என்ன என்று எழுத இடம் இருக்கிறது. ஜிஎஸ் தாளில் இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு மாலை

இன்று மாடியில் எழுதிய கேள்வி, நலத்திட்டங்களும் மாநில நிதியும். எழுதி முடித்து, தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே பெரிய விவாதம். பழைய வரலாற்றை ஆளுகைத் தாளில் கொண்டுவரக் கூடாது என்கிறாள் தோழி. வரலாற்றுக்குத் தனித்தாள் இருக்கிறதாம்.

நான் கொண்டுவந்தேன். இரண்டு வரி. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தது. ஒரே மாவட்டத்தில் செய்துபார்த்து விரிப்பது, இன்றைக்கு முன்னோட்டத் திட்டம் என்கிறோமே அது. கள், சாராயத்திலிருந்து வந்துகொண்டிருந்த வருவாய் நின்றது. அந்தப் பள்ளத்தை அடைக்க 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. அந்த வரிதான் பிற்பாடு மாநிலங்களின் பெரிய வருவாயாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாக மாறி, 2017-ல் ஜிஎஸ்டிக்குள் போனது. ஒரு நலத்திட்டத்துக்கான பணத்தை எங்கே தேடுவது என்று மாநிலம் தானே முடிவு செய்ய முடிந்த காலம் அது. இன்று அந்த முடிவின் பெரும்பகுதி ஜிஎஸ்டி மன்றத்தில். இதை எழுத 1937 வேண்டும். வெறும் பழம்பெருமைக்காக என்றால் வேண்டாம்தான்.

மலைத் தம்பி இன்று கிராம நிர்வாக அலுவலரைப் பற்றி எழுதியிருந்தான். 1980 நவம்பர் வரை கர்ணம், மணியம் எல்லாம் பரம்பரையாக வந்த பகுதிநேரப் பதவி; எம்ஜிஆர் அரசு அவசரச் சட்டத்தில் ஒழித்து, தேர்வாணையம் வழியாக முழுநேர அலுவலர்களை வைத்தது; 1982-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. குடிமைப் பணியின் பங்கு பற்றிய கேள்விக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது: கிராமக் கணக்கு ஒரு குடும்பத்தின் கையிலிருந்து, தேர்வு எழுதி வந்த யாரோ ஒருவர் கைக்கு மாறியது. கடைசி வரியில் அவன் எழுதியிருந்தது: "இதனால்தான் என் போன்றவர்களும் அந்த நாற்காலிக்கு வர முடிகிறது." தேர்வில் "என்" என்று எழுத வேண்டாம், "பழங்குடியினரும்" என்று மாற்று என்று அடித்துக் கொடுத்தேன். மற்றதில் கை வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கேள்வி, எழுத விரும்புபவர்கள் இங்கேயே போடலாம்: "கூட்டுறவு அமைப்புகள் ஆளுகையின் அங்கமா, சந்தையின் அங்கமா? ஆராய்க." 15 மதிப்பெண், 11 நிமிடம். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97-ஆவது அரசமைப்புத் திருத்தத்தைத் தொடுபவர்கள், 2021-ல் உச்ச நீதிமன்றம் அதில் எந்தப் பகுதியை விலக்கியது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சேலத்துக்காரர்கள் 1981-ல் தொடங்கிய நம் சேகோசர்வை (ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) முன்னுரையில் வைக்க வேண்டாம், இரண்டாவது பத்தியில் ஜவ்வரிசி விலையோடு வரட்டும்.